உரித்துள்ளோர் முன்வரலாம்

பெரகலச் சந்தியில் நிரஞ்சலா வந்த முச்சக்கர வண்டி நின்றபோது முருகையா தேநீர்க் கடை வாசலில் காத்திருந்தார். தப்புப் பறையை உரப்பைக்குள் போட்டு மார்போடு அணைத்திருந்தார். தூறல் அவர் தலையில் விழுந்தது. பையில் விழவில்லை.

“யாரு செத்தது டீச்சர்?”

“யாரும் சாகல. ஏறுங்க. காணி அளக்குறாங்க.”

“காணி அளக்கத் தப்பா? கலியாணத்துக்கே இப்ப பாட்டுப்பெட்டிதான்.”

“கோர்ட்டு உத்தரவு.”

“கோர்ட்டு வரைக்கும் நம்ம பேரு போயிருச்சா!” என்று சிரித்தபடி ஏறினார். வண்டிக்குள் ஈரத் தோலும் புகையிலையும் மணத்தன.

வண்டி அப்புத்தளை வீதியில் ஏறியது. பள்ளத்திலிருந்து பனி மேலே வந்துகொண்டிருந்தது. நிரஞ்சலா கைப்பையைத் திறந்து காணி உறுதிப் பத்திரத்தைத் தொட்டுப் பார்த்தாள். இருந்தது. சற்று நேரம் கழித்து மறுபடியும் தொட்டாள்.

அவள் வாங்கியது பாதி வீடு, அதைச் சுற்றிய தேயிலையில் பாதி. பண்டாரவளையில் கடை வைத்திருந்த ஒருவர் தம் பிள்ளைகள் இருவருக்கும் பொதுவாக விட்டுப்போனது. மகள் நபீலா தன் பாதியை நிரஞ்சலாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். மற்றப் பாதி மகன் ஷுக்ரியிடம் இருந்தது. பிரிபடாத பாதி என்றால் எந்தப் பாதி என்று எவராலும் கை நீட்டிக் காட்ட முடியாது. ஒவ்வொரு ஓட்டிலும் பாதி அவளுடையது. ஒவ்வொரு கதவிலும் பாதி. அதைப் பிரித்துத் தரச் சொல்லித்தான் வழக்கு.

“சிக்கலே இல்ல,” என்று பதுளையில் வக்கீல் சொல்லியிருந்தார். “ரெண்டே பேர். சண்டையும் இல்ல. வீட்டுப் பக்கம் உங்களுக்கு, தேயிலைப் பக்கம் அவருக்கு. எனக்கும் உரித்து இருக்கு, பங்கு இருக்குன்னு மூணாவது ஆள் வராம இருந்தாச் சரி. வந்தா, தீர்ப்ப உங்க பேரப்பிள்ளைங்கதான் கேக்கும்.”

“யாரு சேர் வரப்போறா?”

“அளக்கிற அன்னைக்குக் காணியில நின்னு பறை அடிச்சுக் கூப்பிடணும். சட்டம் அப்படி. கூப்பிட்டா யாரும் வரலாம்.”

அவளுக்குக் காத்திருக்க நேரமில்லை. அம்மா பெரியாயி இன்னும் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளின் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தாள். காற்று கொண்டுபோன தகரத்துக்குப் பதிலாகக் கூரையில் பிளாஸ்டிக் விரிப்பு. விடிய விடிய இருமல். ஆனாலும் வர மறுத்தாள்.

“பாதி வீட்டுக்கு நான் வரல புள்ள. நாளைக்கு எவனாச்சும் எறங்குன்னா, எறங்கிப் போற வயசா எனக்கு? முழுசா ஒன் வீடுன்னு ஆகட்டும். அப்பறம் வந்து கூப்புடு.”

வீடு வீதிக்கு மேலே தேயிலைக்கு நடுவே நின்றது. தோட்டத்து வேலைகளை மேற்பார்த்த கண்டக்டர் ஒருவருக்காகக் கட்டிய வீடு. நீண்ட வராந்தா. அதன் கீழே படிகள். படிகளின் கீழே புல் முளைத்த அகன்ற சமதரை. அங்கே நில அளவையாளர் ஜெயகுமார் முக்காலியை ஊன்றிக்கொண்டிருந்தார். கண்ணாடி பதித்த அளவைக் கம்பைத் தோளில் சாத்தியபடி ஷுக்ரி பக்கத்தில் நின்றான்.

“டீச்சர், என்னயக் கூலிக்குப் புடிச்சிட்டார் சர்வேயர். அவர்ட ஆளுக்குக் காய்ச்சலாம். சொந்தக் காணியில கம்பு புடிக்கிற மொதல் மனுசன் நான்தான்.”

“கம்ப ஆட்டாதீங்க,” என்றார் ஜெயகுமார்.

“குளிர் ஆட்டுது சேர். நான் இல்ல.”

ஜெயகுமார் சிரிக்கவில்லை. முருகையாவைப் பார்த்துத் தலையசைத்தார். “மத்த சர்வேயருங்க பறை அடிச்சதா எழுதிட்டுப் போயிருவாங்க. நான் அடிக்காம எழுத மாட்டேன். தொடங்குங்க.”

முருகையா படியோரம் குந்தி, காய்ந்த புல்லையும் பழைய பத்திரிகையையும் கொளுத்தி, தப்பின் தோலைச் சூட்டில் காட்டினார். விரலால் தட்டிப் பார்த்தார். மறுபடி காட்டினார்.

“என்ன அடி அடிக்கட்டும்? எனக்குத் தெரிஞ்சது சாவு அடி, காமன் கூத்து அடி, பெரட்டு அடி.”

“ஆள் வர்ற மாதிரி ஏதாவது அடிங்க,” என்றார் ஜெயகுமார்.

நிரஞ்சலா முந்திக்கொண்டாள். “சாவு அடி வேணாம். குடிபோகப் போற வீடு.”

“காமன் கூத்தும் ஆகாது. மாசி மாசம் வரணும்.”

“அப்ப பெரட்டு அடிங்க. அதுவும் ஆளக் கூப்புடுறதுதானே?”

பெரட்டு என்றால், விடியுமுன் தோட்டத்துச் சனங்களை வரிசையில் நிறுத்தி, இன்னார் இன்ன மலைக்கு என்று வேலை பிரித்து அனுப்புவது. முன்பு அதற்குத் தப்படித்து எழுப்புவார்கள். இப்போது அந்த வழக்கம் இல்லை.

முருகையா கீழே சமதரையைப் பார்த்தார். “இங்கயா?”

“ஏன்?”

“இதுதான் டீச்சர் பழைய பெரட்டுக்களம்.”

“நல்லதாப் போச்சு,” என்றாள் அவள்.

அவர் எழுந்து அடித்தார். முதலில் தயங்கித் தயங்கி. பிறகு கை தானாகப் பழைய தாளத்தைப் பிடித்துக்கொண்டது. வேகமில்லாத, விடாத அடி. உறங்குகிறவனைத் தோளில் தட்டித் தட்டி எழுப்புவது போன்ற அடி. அது தேயிலைச் சரிவில் இறங்கி, எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது.

அடி நின்றதும் ஜெயகுமார் உரத்த குரலில் சொன்னார். “இந்தக் காணியிலோ வீட்டிலோ உரித்துள்ளோர் எவரும் முன்வந்து தம் உரித்தைக் கூறலாம்.” சிங்களத்திலும் ஒருமுறை சொன்னார்.

“வாங்க, வாங்க,” என்று ஷுக்ரி பனியைப் பார்த்துக் கை தட்டினான். “வாறவங்களுக்கு டீயும் இருக்கு.”

யாரும் வரவில்லை.

பனிதான் வந்தது. சமதரையின் விளிம்பில் சற்று நின்று, பிறகு புல்லைத் தொட்டபடி உள்ளே நுழைந்தது. அதனோடு ஒரு வாடை. மழையில் நனைந்து, அடுப்படியில் காய்ந்து, மறுபடி நனைந்த கம்பளியின் வாடை. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் தலையில் போட்டுக்கொள்ளும் கம்பளி. நிரஞ்சலாவுக்கு அது அம்மாவின் வாடை. அவள் திரும்பிப் பார்த்தாள். வராந்தாவில் அவளைத் தவிர யாரும் இல்லை.

ஷுக்ரி கம்புடன் களத்தின் கோடிக்குப் போனான். ஜெயகுமார் கருவியில் கண்ணை வைத்தார்.

“முன்னால நிக்கிற ஆள விலகச் சொல்லுங்க.”

“ஆள் இல்ல சேர்.”

“மறைக்குது. விலகச் சொல்லுங்க.”

“யார விலகச் சொல்ற? நான் மட்டும்தான் நிக்கிறன்.”

ஜெயகுமார் தலையை உயர்த்திப் பார்த்தார். களம் காலியாக இருந்தது. கோடியில் ஷுக்ரி, கையில் கம்பு. மறுபடி குனிந்தார். நெடுநேரம் அசையாமல் இருந்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து, லென்ஸைத் துடைக்காமல், தன் கண்ணைத் துடைத்தார்.

“டீச்சர், கொஞ்சம் பாருங்க.”

அவள் இறங்கி வந்து குனிந்தாள்.

கம்பு தெரியவில்லை. கறுப்பாக ஏதோ கண்ணாடி முழுவதையும் அடைத்திருந்தது. முதலில் இலை என்று நினைத்தாள். பிறகு நூல் தெரிந்தது. முரட்டு நூல். ஒவ்வொரு இழையிலும் நீர்ப்பொடி.

கம்பளி போட்ட ஒரு தோள்.

அது மெல்ல உயர்ந்தது. மெல்லத் தாழ்ந்தது.

மூச்சு விட்டது.

நிரஞ்சலா கருவியை விட்டு விலகினாள். வெறும் புல். வெறும் பனி. “ஷுக்ரி, இங்க வாங்க,” என்றாள்.

அவன் தானாகவே வந்துகொண்டிருந்தான். நேராக வரவில்லை. நெரிசலுக்குள் வழி பண்ணுகிறவன் போலத் தோளை ஒடுக்கி, வளைந்து வளைந்து வந்தான். ஏன் அப்படி வருகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. படிக்கு வந்ததும் கம்பைக் கீழே போட்டான்.

“யா அல்லாஹ். யாரோ என்ட கைய ஒரசின.”

களத்தில் யாரோ இருமினார்கள். இன்னொரு பக்கத்திலிருந்து இன்னோர் இருமல். காறித் துப்பும் ஓசை. குழந்தை ஒன்றைச் சமாதானப்படுத்தும் “ஸ்ஸ்”. வெறுங்கால்கள் ஈரப் புல்லில் இடம் மாற்றி நின்றன.

முருகையா தப்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்.

“வந்துட்டாங்க,” என்றார்.

“யாரு?”

“இதுக்குக் கீழ லயம் இருந்துச்சு டீச்சர். தோட்டத்த துண்டு போட்டு வித்தப்ப அதையும் ஒடச்சாங்க. வேல முடிஞ்சுது, காம்பராவ விடுங்கன்னு எறக்கிவிட்டாங்க. சட்டி பானையோட ரோட்டுல நின்னாங்க. அப்பறம் எங்க போனாங்க, எங்க செத்தாங்க, யாரு கண்டா?” அவர் குரல் தாழ்ந்தது. “கூப்புட்டோம். வந்துட்டாங்க.”

“கலைஞ்சு போக அடிங்க.”

“அதுக்கு அடி கெடயாது. வேல சொல்லணும். சொன்னாப் போவாங்க.”

“யாரு சொல்லணும்?”

முருகையா தலையைத் தூக்கினார். அவள் பின்னே, கண்டக்டர் நின்று வேலை சொன்ன வராந்தாவைப் பார்த்தார்.

ஜெயகுமார் உதட்டை நனைத்துக்கொண்டார். “டீச்சர், இத நான் எப்படி எழுதுறது? வந்து நிக்கிறவங்கள விசாரிக்கணும். என்ன உரித்துன்னு கேக்கணும்.”

கேட்டால் சொல்வார்கள். சொன்னால் எழுதுவார். எழுதினால் வழக்கு முடியாது. பிளாஸ்டிக் விரிப்பின் கீழ் அம்மா இருமுவது நிரஞ்சலாவின் காதில் கேட்டது. களத்திலிருந்தும் அதே இருமல்தான் கேட்டது.

“கேக்காதீங்க சேர்,” என்றாள்.

அவள் படியேறி வராந்தாவின் நடுவில் போய் நின்றாள். சின்ன வயதில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பெரட்டுக்களத்தில் நின்றிருக்கிறாள். வேலை பிரிக்கிற அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். முகம் பார்க்காத குரல். வகுப்பில் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. அது தன் தொண்டைக்குள் தயாராக இருந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

“எல்லாரும் கீழ் மலைக்கு! கொழுந்து! போங்க, போங்க, நிக்காதீங்க!”

ஒரு கணம் ஒன்றும் இல்லை.

பிறகு புல் சரசரத்தது. கால்கள் திரும்பின. ஒன்றன்பின் ஒன்றாக, சண்டையில்லாமல், கேள்வியில்லாமல், களத்தின் கோடி வழியாகத் தேயிலைக்குள் இறங்கின. கம்பளி வாடை மெலிந்தது. பனியும் அவர்களோடு இறங்கிப் போனது. வெயில் வந்தது.

அவர்கள் எதிர்த்திருந்தால் நிரஞ்சலாவுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

மிச்ச அளவை சீக்கிரம் முடிந்தது. கருவியைப் பெட்டியில் வைத்த பிறகு ஜெயகுமார் கேட்டார். “சத்தியமாச் சொல்லுங்க. உரித்துக் கேட்டு யாராவது வந்தாங்களா?”

ஷுக்ரி தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தான்.

“யாரும் வரல,” என்றாள் நிரஞ்சலா.

ஜெயகுமார் அப்படியே எழுதிக்கொண்டார்.

வக்கீல் சொன்னது பலித்தது. மூன்றாவது ஆள் இல்லாத வழக்கு, தடையில்லாமல் நடந்து முடிந்தது. வீடும் களமும் அவளுக்கு. கீழ்ப்புறத் தேயிலை ஷுக்ரிக்கு. அவள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள், ஓடு மாற்றினாள், அம்மாவுக்காகப் பின்னறையில் கட்டில் போட்டாள். பிறகு தனியாக வந்து தங்கினாள்.

முதல் விடியலிலேயே வாடை அவளை எழுப்பிவிட்டது.

சன்னலைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இருக்கவில்லை. வெளியே இருமிக்கொண்டும் கால் மாற்றிக்கொண்டும் நின்றார்கள். பெரட்டு ஒருநாள் வைத்து நிறுத்துவதல்ல. நேற்று வேலை சொன்னவர் இன்றும் சொல்ல வேண்டும்.

அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். வெளிச்சம் வந்தால் போய்விடுவார்கள் என்று நினைத்தாள். வெளிச்சம் வந்தது. அவர்கள் படியேறினார்கள். வராந்தாப் பலகை ஒவ்வொன்றாக முனகியது. யாரும் கதவைத் தட்டவில்லை. கதவின் மறுபுறம் கம்பளி உரசிக்கொண்டே இருந்தது. அந்த இடுக்கிலிருந்து மூச்சுக் காற்று வந்து அவள் வீட்டைக் குளிராக்கியது.

கதவுக்கு இப்பால் நின்றபடியே கத்தினாள். “கீழ் மலைக்கு! கொழுந்து!”

போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு விடியலும் அதே. எழுவாள், சால்வையைப் போர்த்திக்கொண்டு வராந்தாவுக்கு வருவாள், சொல்வாள். போவார்கள். முகம் கழுவிப் பள்ளிக்கூடம் போவாள். உறக்கம் குறைந்தது. பிள்ளைகளை அதட்டும்போது அந்தக் குரல் வெளியே வந்துவிட்டது. வகுப்பு மொத்தமும் எழுந்து வரிசையாக நின்றது. அவள் வெளியே போய்க் குழாயடியில் நின்றுகொண்டாள்.

ஒருநாள் ஷுக்ரி தொலைபேசியில் அழைத்தான்.

“டீச்சர், என்ட பக்கத்துத் தேயிலய ஆரையும் எடுக்கச் சொன்னீங்களா?”

“இல்லியே.”

“காடு புடிச்சுக் கெடந்த செடி. இப்ப போய்ப் பார்த்தன். அவ்வளவு சுத்தமாக் கொழுந்து எடுத்திருக்கு. ரெண்டு எலையும் மொட்டுமா. எடுத்த கொழுந்தக் காணல்ல. ஒரு அடிச்சுவடும் இல்ல. நான் இந்தப் பக்கம் இனி வர மாட்டன். வேணுமெண்டா என்ட பங்கையும் நீங்களே வச்சுக்கொள்ளுங்க.”

அம்மாவைக் கூப்பிடாமல் நாளைக் கடத்தினாள். அதற்கும் வழியில்லாமல் போனது. ஒரு மழையில் லயத்துக் கூரையின் மிச்சமும் சரிந்தது. பெரியாயி பக்கத்துக் காம்பராவில் ஒண்டியிருந்தாள்.

“முழுசா ஒன் வீடுதானே புள்ள?”

“முழுசா என் வீடுதான்.”

“எவனும் எறங்குன்னு சொல்ல மாட்டானே?”

“யாரும்மா சொல்வா?”

பெரியாயி சாவியைத் தோட்டத்து ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தாள். இனித் திரும்பிப் போக இடமில்லை. புது வீட்டில் ஒவ்வொரு அறையாக நடந்து பார்த்தாள். சுவரைத் தடவினாள். ஓட்டை அண்ணாந்து பார்த்தாள். “எம்மாம் பெரிசு,” என்றாள். “நாலு குடும்பம் இருக்கலாம் போலயே.” கட்டிலில் படுத்ததும் உறங்கிவிட்டாள். இருமல்கூட இல்லை. நிரஞ்சலா பின்னறைக் கதவைச் சாத்தி, நாதாங்கியும் போட்டாள். அம்மா அந்தக் குரலைக் கேட்கக் கூடாது.

விடியலில் எழுந்தாள். வாடை வழமையைவிடக் கனமாக இருந்தது. முன் கதவைச் சத்தமில்லாமல் திறந்தாள். பனி படி வரைக்கும் நின்றது. கிசுகிசுப்பாகச் சொன்னாள்.

“கீழ் மலைக்கு. கொழுந்து. போங்க.”

யாரும் நகரவில்லை.

சற்று உரக்கச் சொன்னாள்.

நகரவில்லை. கால் மாற்றும் ஓசைகூட இல்லை. எல்லாரும் வந்த பிறகுதான் பெரட்டு கலையும். இன்னும் யாரோ வர வேண்டியிருந்தது.

அவளுக்குப் பின்னால் வீட்டுக்குள் நாதாங்கி விழுந்தது.

வெறுங்கால் ஓசை அவளைக் கடந்து போனது. பெரியாயி. தலையில் கம்பளி. முதுகு நிமிர்ந்திருந்தது. படியிறங்கிக் களத்தில் நின்று, திரும்பி, வராந்தாவை நோக்கித் தலை குனிந்தாள். பனி அவள் இரு பக்கமும் சற்று விலகி இடம் கொடுத்தது.

“எனக்கு எந்த மலைங்க?”

“அம்மா.”

“வயசாயிருச்சுன்னு பாக்காதீங்க. எடுப்பேங்க.”

“அம்மா, நான் நிரஞ்சி. மேல வா. ஒனக்கு இனி வேல இல்ல.”

பெரியாயி தலையை உயர்த்தினாள். அந்தக் கண்கள் மகளைப் பார்த்தன. வராந்தாவில் நிற்கும் யாரோ ஒருவரைப் பார்ப்பது போல.

“வேல இல்லேன்னா,” என்று பணிவாகக் கேட்டாள், “காம்பராவ விடணுங்களா?”

நிரஞ்சலா வாயைத் திறந்தாள். எதைச் சொன்னாலும் அந்தக் குரலில்தான் வரும் என்று தெரிந்தது. மூடிக்கொண்டாள்.

பனிக்குள் கம்பளிகள் அசைந்தன. முதல் வரிசை. அதன் பின்னே இன்னொன்று. அதன் பின்னே, தேயிலைச் சரிவு முழுக்க.

எல்லாத் தலைகளும் அவளைப் பார்த்து நிமிர்ந்தன.